வேகம் குறைந்து நின்றுபோகும் பெல்ட் டர்ன்டேபிள்: காரணங்களும் சோதனை வரிசையும்

இசைத்தட்டைப் போட்டு ஊசியை இறக்கியதும் பாட்டு ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. சற்று நேரத்தில் குரல் தடிக்கிறது, தாளம் இழுபடுகிறது, சுருதி இறங்குகிறது. கடைசியில் தட்டு நின்றே போகிறது. பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள்களில் மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுதான். பரணில் பல ஆண்டுகள் கிடந்து மறுபடி கீழே இறங்கிய பழைய கருவிக்கும் வரும். வாங்கிச் சில ஆண்டுகளே ஆன புதிய கருவிக்கும் வரும்.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. பெல்ட்டை மாற்றிவிடுங்கள் என்பது முதல் பதில். எண்ணெய் விடுங்கள் என்பது இரண்டாவது. மோட்டார் போய்விட்டது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மூன்றாவது. மூன்றும் சில சமயம் சரி, பல சமயம் தவறு. எந்தச் சூழ்நிலையில் எது சரி என்பதைக் காசு செலவில்லாத சில சோதனைகளாலேயே கண்டுவிடலாம். அந்தச் சோதனைகளையும் அவற்றின் பின்னால் உள்ள காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெல்ட் வந்த வழி

33⅓ வேக எல்பி இசைத்தட்டை 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஆர்சிஏ விக்டர் 45 வேகத் தட்டைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துத் தரமான கருவிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டாருக்கும் சுழல்தட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுந்தி நின்று தட்டைச் சுழற்றியது. பிரிட்டனின் கேரார்ட் 301 அந்த வகைக்குப் பேர்போனது. அதில் இழுவிசை ஏராளம். ஆனால் மோட்டாரின் அதிர்வு அந்தச் சக்கரத்தின் வழியே தட்டை எட்டி, ஊசி வரை போய், ஒலியில் உறுமலாகக் கேட்கும்.

1961இல் எட்கர் வில்ச்சரின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட ஏஆர் எக்ஸ்ஏ டர்ன்டேபிள் வேறு வழியைக் காட்டியது. சிறிய, மெல்ல ஓடும் மோட்டார். அதையும் தட்டையும் இணைக்க ஒரு ரப்பர் பெல்ட். தட்டும் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மும் ஸ்பிரிங்குகளின்மேல் மிதக்கும் அமைப்பு. மோட்டாரின் அதிர்வை ரப்பரே விழுங்கிக்கொண்டது. தோரன்ஸ் டிடி 150, லின் சோன்டெக் எல்பி12, ரேகா பிளேனார் 3 ஆகியவை இந்தப் பெல்ட் வழியில் வந்தவை. இன்று மலிவு விலையில் கிடைக்கும் டர்ன்டேபிள்களிலும் பெல்ட் வகையே மிகுதி.

அமைதியான இந்தச் சுழற்சிக்கு ஒரு விலை உண்டு. அதிர்வைக் குறைக்க மோட்டாரைச் சிறிதாக வைத்ததால் இழுவிசையும் சிறிதாகிவிட்டது. வேகம் பிடித்த தட்டை அதே வேகத்தில் வைத்திருக்க மோட்டார் உராய்வை மட்டும் வென்றால் போதும். பேரிங்கின் உராய்வு, ஊசியின் உராய்வு, டோன்ஆர்மைத் தானே திருப்பும் தானியங்கி அமைப்பு இருந்தால் அதன் பற்சக்கரங்களின் உராய்வு, இவ்வளவுதான் சுமை. இந்தச் சுமையைவிட மோட்டாரின் இழுவிசை சற்றே கூடுதல். அந்தச் சிறிய உபரி கரைந்தால் வேகம் குறையும். முழுதும் தீர்ந்தால் தட்டு நிற்கும். ஆகவே இந்தக் கோளாறில் இரண்டே வகைதான்: இழுப்பது குறைந்திருக்க வேண்டும், அல்லது தடுப்பது கூடியிருக்க வேண்டும்.

முதல் கேள்வி: தளர்ந்தது மோட்டாரா, தட்டா?

எதையும் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது மோட்டாரின் புல்லியை. வெளி விளிம்பில் பெல்ட் ஓடும் கருவிகளில் புல்லி கண்ணுக்கு நேரே தெரியும். உள்தட்டைச் சுற்றி ஓடுபவற்றில் சுழல்தட்டில் உள்ள துளை வழியே, அல்லது தட்டின் மேற்பகுதியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். புல்லியின் தலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அதன் ஓட்டம் தெளிவாகத் தெரியும். தட்டு தளரும்போது புல்லி பழைய வேகத்திலேயே ஓடினால் பெல்ட் வழுக்குகிறது. புல்லியும் சேர்ந்து தளர்ந்தால் மோட்டாருக்குப் பலம் போதவில்லை, அல்லது சுமை அளவு மீறிவிட்டது.

இந்தச் சோதனையின் பலனைப் புரிந்துகொள்ள மோட்டார் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன புகழ்பெற்ற பெல்ட் கருவிகளில் இருப்பது ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை மின்சாரத்தின் அலைவெண் தீர்மானிக்கிறது. 24 துருவங்கள் கொண்ட மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும். வேறு வேகத்தில் நிலையாக ஓட அதனால் முடியாது. சுமை தாங்கவில்லை என்றால் தாளம் தவறி, உறுமிக்கொண்டே நின்றுவிடும். ஆகவே இவ்வகை மோட்டார் உள்ள கருவியில் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானால் முதல் சந்தேகம் பெல்ட் வழுக்கலின்மேல்தான்.

டிசி மோட்டார் அப்படிப்பட்டதல்ல. 12 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் ஓடும் இதன் வேகத்தை மோட்டாருக்குள்ளோ வெளியிலோ இருக்கும் ஒரு மின்சுற்று கட்டுப்படுத்துகிறது. அந்தச் சுற்று பழுதானாலும், மின்னழுத்தம் இறங்கினாலும், உள்ளே பிரஷ் தேய்ந்தாலும் மோட்டார் எந்த வேகத்துக்கும் இறங்கலாம். பல மலிவு விலை டர்ன்டேபிள்களிலும், 1970களின் இறுதிக்குப் பிறகு வந்த பல ஜப்பானியக் கருவிகளிலும் இருப்பது இந்த வகை.

எப்போது, எங்கே நிற்கிறது?

கோளாறு தோன்றும் நேரமும் இடமும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தில் திணறி, கையால் தள்ளிவிட்டால் பிறகு ஒழுங்காக ஓடுகிறது என்றால், பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது மோட்டாரின் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். முதல் சில நிமிடங்கள் மந்தமாக ஓடி, சூடேறிய பின் சரியானால், எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது. நன்றாகத் தொடங்கிப் பத்து இருபது நிமிடத்தில் தளர்ந்தால், மோட்டார் சூடாகிப் பலமிழக்கிறது, அல்லது மின்சுற்றில் ஏதோ ஒரு பாகம் சூட்டில் தடுமாறுகிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் வேகம் குறைந்தால் அதற்குக் காரணம் கடந்துபோன நேரமா, ஊசி வந்துசேர்ந்த இடமா? இதைப் பிரிக்க எளிய வழி உண்டு. கருவி குளிர்ந்திருக்கும்போது ஊசியை நேராகக் கடைசிப் பாட்டில் இறக்க வேண்டும். உடனே தளர்ந்தால் இடம்தான் காரணம். தானியங்கி அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும். தளராமல் ஓடினால் சூடுதான் காரணம்.

இதற்கு நேர்மாறாக, வெளி ஓரத்தில் திணறி உள்ளே போகப்போகச் சரியாவதும் உண்டு. எல்பியின் வெளி ஓரத்துப் பள்ளம் மையத்திலிருந்து 146 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. உள் எல்லை ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். அதே ஊசி, அதே அழுத்தம். ஆனால் வெளி ஓரத்தில் அது தட்டைத் தடுக்கும் முறுக்கு உள் ஓரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வெளி ஓரத்தில் மட்டும் தளரும் கருவியில் இழுவிசையின் உபரி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பெல்ட்

வழுக்கல் உறுதியானால் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் பெல்ட் மங்கலாக, மிருதுவாக, இழுத்து விட்டதும் பழைய அளவுக்கு வருவதாக இருக்கும். பளபளப்பு ஏறியிருந்தால், விரிசல் தெரிந்தால், புல்லியைச் சுற்றியிருந்த வளைவு அப்படியே மடிந்து நின்றால் அதன் காலம் முடிந்தது. ஓட்டாமல் பரணில் போட்டுவைத்த கருவிகளில் இந்த மடிப்பு சாதாரணம். கால் தையல் மெஷினின் தோல்வார் தளர்ந்தால் பெடல் ஓடியும் ஊசி ஏறாதது போன்ற நிலைதான் இது.

ஆனால் வழுக்கும் பெல்ட் எல்லாம் தேய்ந்த பெல்ட் ஆகிவிடாது. கை எண்ணெயும் பேரிங் எண்ணெயும் பட்டிருந்தாலும் வழுக்கும். பெல்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். புல்லியையும் பெல்ட் ஓடும் விளிம்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பழைய பெல்ட்டின் கறுப்புப் படலம் அங்கே ஒட்டியிருக்கும். அதை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் வழுக்கும். ஆல்கஹாலை ரப்பரின்மேல் பழக்கமாகத் தடவக் கூடாது, ரப்பர் வறண்டுவிடும்.

புதுப் பெல்ட் வாங்கும்போது நீளம் மட்டும் போதாது. அகலமும் தடிமனும் பொருந்த வேண்டும். பெல்ட்டின் தடிமன் புல்லியின் விட்டத்தோடு சேர்ந்து கணக்காகும் என்பதால் வேகமே மாறும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் 0.6 மில்லிமீட்டர் பெல்ட்டுக்குப் பதில் 1 மில்லிமீட்டர் பெல்ட் போட்டால் தட்டின் வேகம் ஏறக்குறைய 1.7 சதவீதம் கூடும். சுருதி கேட்டுப் பழகிய காது அதைப் பொறுக்காது. நீளம் குறைந்த பெல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டினால் அது மோட்டாரின் பேரிங்கைப் பக்கவாட்டில் அழுத்தும். வழுக்கலைத் தீர்க்கப்போய் மோட்டாரைத் தளரவைக்கும் தவறு இப்படித்தான் நடக்கிறது.

பேரிங்கும் எண்ணெயும்

பெல்ட்டைக் கழற்றிய நிலையிலேயே அடுத்த சோதனையைச் செய்துவிடலாம். தட்டைக் கையால் 33 வேகத்துக்குச் சுழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான பேரிங்கில் தட்டு நெடுநேரம் அமைதியாகச் சுற்றித் தானாக ஓயும். கனமான தட்டு ஒரு நிமிடத்தையும் தாண்டும். சில சுற்றுகளிலேயே நின்றால், கரகரத்தால், ஒரே இடத்தில் உரசினால் கோளாறு இங்கே இருக்கிறது. ஸ்பிரிங்கில் மிதக்கும் கருவிகளில் பயணத்துக்காக முடுக்கிய திருகுகள் அப்படியே இருந்து, தட்டு பெட்டியில் உரசுவதும் உண்டு. டர்ன்டேபிள் சமதளத்தில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டு கடந்த எண்ணெய் பிசினாக மாறிவிடும். அதன்மேல் புது எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும், பிறகு பழைய கதைதான். தட்டின் அச்சை மெல்ல மேலே தூக்கி, அச்சையும் குழாயையும் பஞ்சுவிடாத துணியால் முழுதும் துடைத்து, புது எண்ணெய் விட வேண்டும். அடியில் ஒரு சிறு எஃகு குண்டு பல கருவிகளில் உண்டு. பிசுக்கில் அச்சின் முனையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, கவனிக்காத நேரத்தில் உருண்டு தொலைந்துவிடும். குண்டு இல்லாமல் தட்டை வைத்தால் அது கீழே இறங்கி உரசும்.

எந்த எண்ணெய் என்பதில் கருத்துகள் பல. கருவியைச் செய்தவர் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுவது முறை. இல்லையென்றால் மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் பெரும்பாலான சிறிய கருவிகளுக்குப் போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. ஏறக்குறைய 24 டிகிரியில் அது உறையத் தொடங்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலை நேரத்தில் தட்டு அசையாது. சமையல் எண்ணெய்கள் காற்றுபட்டுப் பிசினாகும். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் உதவாது; அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போகும், இருந்த எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போகும்.

மோட்டார்

பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, புல்லியை விரலால் மிக மெல்லத் தொட்டுப் பார்த்தால் அதன் பலம் தெரியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புல்லியைக் கையால் திருப்பினால் பிசுபிசுப்போ இறுக்கமோ தெரியும். மோட்டாரின் அச்சு பெரும்பாலும் எண்ணெய் ஊறிய துளையுள்ள வெண்கலப் புஷ்ஷில் சுற்றுகிறது. அது வறண்டிருந்தால் அச்சடியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் பெரிய மாற்றத்தைத் தரும். கூடுதலாக விட்ட எண்ணெய் புல்லிக்கு ஏறிப் பெல்ட்டை வழுக்கவைக்கும்.

டிசி மோட்டாரில் பிரஷ்ஷும் அது உரசும் வளையமும் தேய்ந்து, கரித்தூள் சேர்ந்திருந்தால் வேகம் ஒருசீராக இருக்காது; மோட்டாரை மாற்றுவதே நிலையான தீர்வு. பலவற்றின் அடியில் வேகத்தைத் திருத்தும் சிறு திருகு உண்டு. பலரும் முதலில் கைவைப்பது அதில்தான். உண்மையில் அது கடைசிக் கட்டம். பிசுக்கேறிய பேரிங்கை அப்படியே விட்டு அந்தத் திருகால் வேகத்தை ஏற்றினால் கோளாறு சில வாரம் மறைந்திருக்கும், அவ்வளவே.

மின்சாரம்

ஏசி மோட்டாரில் இரண்டு சுருள்களுக்கு இடையே கட்ட வேறுபாட்டை உண்டாக்கும் ஒரு கெபாசிட்டர் இருக்கும். பழசாகி அதன் மதிப்பு இறங்கினால் மோட்டார் பலமிழக்கும், அதிரும், சில சமயம் எதிர்த்திசையில்கூடக் கிளம்பும். அதே மதிப்பும் அதற்குக் குறையாத வோல்ட் தாங்கும் திறனும் கொண்ட புதியதைப் போட்டால் போதும். விலை மிகக் குறைவு. ஆனால் 230 வோல்ட் நேரடியாக வரும் இடம் அது. பிளக்கைக் கழற்றாமல் தொடக் கூடாது. பழக்கமில்லாதவர் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

அடாப்டரில் ஓடும் கருவிகளில் அதன்மேல் அச்சிட்டதை முதலில் படிக்க வேண்டும். சில டர்ன்டேபிள்களுக்கு ஏசி வெளியீடு தரும் அடாப்டர் தேவை. டிசி அடாப்டரைச் செருகினால் அந்த மோட்டார் சுற்றாது. சரியான அடாப்டரே என்றாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். சுமை இல்லாதபோது 12 காட்டி, ஓடும்போது சரிந்துவிடும் அடாப்டர்கள் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளுக்குத் தனிப் பிரச்சினை இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் 50. அமெரிக்காவில் வாங்கிய ஏசி மோட்டார் டர்ன்டேபிளைச் சென்னைக்குக் கொண்டுவந்து 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினால், வோல்ட் சரியாகும், அலைவெண் மாறாது. தட்டு 33⅓க்குப் பதிலாக 27.8 சுற்றே சுற்றும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். இங்கே கெட்டுப்போனது எதுவுமில்லை. 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய புல்லி போட்டால் தீர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து டொரொன்டோவுக்குப் போன கருவி இதே காரணத்தால் 20 சதவீதம் வேகமாக ஓடும்.

நம் வீடுகளில் மின்தடையின்போது ஓடும் இன்வெர்ட்டரையும் கணக்கில் கொள்ள வேண்டும். சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் ஏசி மோட்டார் உறுமும், சூடாகும், பலமிழக்கும். மெயின் மின்சாரத்தில் ஒழுங்காக ஓடி இன்வெர்ட்டரில் மட்டும் தளரும் டர்ன்டேபிளில் பழுது தேட வேண்டியதில்லை.

தானியங்கி அமைப்பும் ஊசியின் சுமையும்

பாட்டு முடிந்ததும் டோன்ஆர்மைத் தானே திருப்பிக்கொண்டுவரும் கருவிகளில் அந்த வேலைக்கான விசையும் இதே தட்டிலிருந்துதான் போகிறது. தட்டின் அடியில் உள்ள பற்சக்கரம் ஒரு பெரிய சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அதிலுள்ள கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால், ஆர்ம் திரும்பத் தொடங்கும் இடத்தில் தட்டு திணறி நிற்கும். பழைய கிரீஸை முழுதும் சுரண்டித் துடைத்துப் புதியதை மெல்லிய பூச்சாக இட வேண்டும். பாதி வழியில் சிக்கிய சக்கரத்தைத் தட்டைக் கையால் கடிகாரத் திசையில் திருப்பி அதன் ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்தாலே சில கருவிகள் மீண்டும் ஓடும்.

ஊசியின் அழுத்தம் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குப் பொதுவாக 1.5 முதல் 2 கிராம் வரை. எதிர்ச்சுமை நழுவி அழுத்தம் பல மடங்கானால் தட்டும் தளரும், இசைத்தட்டின் பள்ளமும் தேயும். ஊசி இறங்காதபோது சரியான வேகம், இறங்கியதும் தளர்ச்சி என்றால் முதலில் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது சரியாக இருந்தும் தளர்ந்தால் பெல்ட்டும் மோட்டாரும்தான் பலவீனம். இசைத்தட்டின்மேல் வைக்கும் கனமான எடைகளும் சிறிய கருவிகளின் பேரிங்குக்கு வீண் சுமை.

வேகத்தை அளத்தல்

பழுது நீங்கியதா என்பதைக் காதை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது. இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி எண்ணினால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 45 வேகத்தில் 135. இதைவிட நுட்பமானது ஸ்ட்ரோப் வட்டம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதால், 180 கோடுகள் கொண்ட வட்டம் 33⅓ வேகத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அமெரிக்க வட்டத்தில் 216 கோடுகள் இருக்கும். இங்கே அது பயன்படாது. பல எல்இடி விளக்குகள் இப்படி மினுங்குவதில்லை என்பதால் நியான் விளக்கோ பழைய டியூப்லைட்டோ தேவைப்படும். எந்த முறையானாலும் ஊசி இசைத்தட்டின்மேல் இருக்கும்போதே அளக்க வேண்டும். கருவி உழைப்பது அந்தச் சுமையோடுதான்.

முடிவுரை

மூன்று பதில்களையும் இப்போது எடைபோடலாம். பெல்ட்டே காரணம் என்பவர்கள் பெரும்பாலும் சரி. காரணம், இந்தக் கருவியில் மிக விரைவில் மூப்படையும் பாகம் அதுதான். ஆனால் புல்லியைப் பார்க்காமல் பெல்ட் வாங்குவது ஊகம். எண்ணெய் விடச் சொல்பவர்கள் சொல்வது பழைய கருவிகளில் சரி; ஆனால் பிசினைத் துடைக்காமல் விடும் எண்ணெய் வீண். மோட்டார் போய்விட்டது என்ற தீர்ப்பு மிகச் சில கருவிகளுக்கே பொருந்தும். மின்சாரத்தை அளந்து, கெபாசிட்டரை மாற்றி, அச்சுக்கு எண்ணெய் இட்ட பிறகே அதைச் சொல்ல வேண்டும்.

புல்லியைப் பார்ப்பது, தட்டைக் கையால் சுழற்றுவது, ஊசியை இடம் மாற்றி இறக்குவது ஆகிய மூன்று சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும். அவற்றைச் செய்யாமல் ஒரு டர்ன்டேபிளைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அதோடு சேர்ந்து வீட்டிலுள்ள இசைத்தட்டுகளும் கேட்பாரற்றுப் போகின்றன. அவற்றில் சில வேறெந்த வடிவிலும் மீண்டும் வெளிவராதவை.